நாலு மணி மைலோ

கதவுக்கடியில் ஒரு விரற்கடை இடுக்கு.
அதன் வழியே கசியும் நீலத்தை
அப்பா படிப்பு என்று நினைக்கிறார்.

விடிகாலை நாலு மணி
அவர் எழும் நேரம்.
நான் இன்னும் படுக்காத நேரம்.
அடுப்பு பற்றும் சத்தம் கேட்டதும்
தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போவேன்.
"எழுந்துட்டியா?" என்பார்.
"ம்" என்பேன்.
அந்த ஒற்றை எழுத்தின் மேல்தான்
ஏழு மாதப் பொய்யும் நின்றது.

பெரிய கோப்பையில் மைலோ,
மூன்று கரண்டி, கட்டிப்பால் தாராளம்.
குலை வெட்டும் அரிவாளைத் தீட்டியபடி
கடைசி மிடறு இறங்கும்வரை பார்த்திருப்பார்.
அம்மா அப்போது கையுறைத் தொழிற்சாலையில்,
இரவு ஷிப்டின் கடைசிப் பெட்டிகளில்.

கோலக்கெட்டில் முச்சந்தி ஒட்டுக்கடையில்
சொல்லியிருக்கிறார்:
"சன்னாசி மவன் நாலு மணிக்கெல்லாம் எழுந்துருவான்.
யாரும் எழுப்ப வேணாம்."
கடைக்காரர் அன்று
ரொட்டிக்குக் காசு வாங்கவில்லையாம்.

பதினோரு மணிக்குப் பாடத்தில்தான் தொடங்கும், சத்தியமாக.
மின்காந்தத் தூண்டல், பகுதி இரண்டு.
அடுத்து எவனோ பாம்புக்கு முட்டை ஊட்டுவான்.
அடுத்து தைப்பிங்கில் ஒருத்தி
நகத்தில் மீன் வரைவாள்.
யுகேந்திரன் கேட்பான், "டேய், முழிச்சிருக்கியா?"
முழித்திருப்பவனைத்தானே கேட்க முடியும்.

இரண்டு மணிக்கு உடம்பு ஒருமுறை கேட்கும்
கொட்டாவியாக: போதுமா?
முகத்துக்கு ஒரு சாண் தூரத்திலிருந்து
வெளிச்சம் பதில் சொல்லும்: இப்போது மத்தியானம்.
நம்பிவிடும்.
வெயிலைப் பார்த்தே மணி சொல்லிப் பழகிய
தோட்டத்து உடம்பு அது.

செம்பனை வரிசையில்
எலிக்காக வளர்க்கும் ஆந்தைக்கு
கம்பத்தின் மேல் ஒரு பெட்டி வீடு.
அந்நேரம் விழித்திருந்தது
அதுவும் நானும்.
அதற்கு எலி கிடைத்தது.

எனக்குக் கண்ணில் மணல்.
சபைகூடலில் கொடிக்கம்பம் இரண்டாகத் தெரிந்தது.
வரைபடத் தாளில் கட்டங்கள் நகர்ந்தன.
தங்கை தர்ஷாயினியின் பென்சிலை முறித்தேன்.
காரணம் கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

புவான் ரொஹாயு
வெண்பலகையில் ஒரு கண் வரைந்தாராம்.
நீல ஒளி பட்டால்
தூக்கத்தை அழைக்கும் சுரப்பு தாமதிக்கும்,
உங்கள் வயதில் அது
ஏற்கெனவே தாமதம் என்றாராம்.
நான் அப்போது மேசைமேல் தூங்கிக்கொண்டிருந்தேன்.
யுகேந்திரன் படமெடுத்து அனுப்பினான்.
இரவு ஒன்றரைக்குப் பார்த்தேன்.

அக்டோபரில் ஓர் இடி.
தாமான் முழுக்க மின்சாரம் போயிற்று.
கைப்பேசியில் மூன்று விழுக்காடு,
பிறகு ஒன்று,
பிறகு என் முகம் மட்டும், கறுப்பாக.
பத்து மணிகூட ஆகவில்லை.
இருட்டு எவ்வளவு பெரியது என்று
யோசிக்கத் தொடங்கியது ஞாபகம்.
முடித்தது ஞாபகமில்லை.

நெற்றியில் ஒரு கை.
உள்ளங்கைக் காய்ப்பு உரசியதில் விழித்தேன்.
தலைவிளக்கு மாட்டிய அப்பா
கட்டிலோரம் குந்தியிருந்தார்.
"காய்ச்சலாய்யா?"
முக்காலியில் மைலோ ஆறி ஆடை படிந்திருந்தது.
வெளியே வெளுத்துவிட்டது.
பிரட்டுக்கு அவர் போகவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. தூங்கிட்டேன்."
"தூங்கிட்டியா…"
என் கழுத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.
"இன்னிக்குப் பள்ளிக்கூடம் வேணாம்" என்றார்.
ஏழு மாதத்தில் அன்றுதான்
தலை இலேசாக இருந்தது.
அதைச் சொன்னால்
மற்றதையும் சொல்ல வேண்டும்.

மாலையில் மின்சாரம் வந்துவிட்டது.
இரவு கைப்பேசியை
மெத்தைக்கு எட்டாத தூரத்தில் கவிழ்த்து வைத்தேன்.
விளிம்பில் நூலளவு நீலம்
கொஞ்ச நேரம் நின்றது, அணைந்தது.
நிம்மதி முதலில் வரவில்லை.
நாலு மணிக்கு அப்பா
கதவடியைக் குனிந்து பார்ப்பாரே,
இருட்டைக் கண்டு
மறுபடி பயந்துவிடுவாரே என்றுதான்
தோன்றியது.